அக்கா வீட்டுச் செடிகள்

அக்கா விரலால் தட்டிக் காட்டிய இடத்தில் தண்டு குழிந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

"பாத்தியா, என்ன கெட்டியா இருக்கான்! இருபத்தேழு தொட்டியில இவன்தான் ராஜா," என்றாள் அக்கா.

ஹால் ஜன்னலோரம் நின்ற ரப்பர் செடியைத்தான் சொன்னாள். அதன் அடித்தண்டு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஊறியிருந்தது. இலைகள் காம்பு செத்துத் தொங்கின. மண்ணின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று, ஆறிய பாலின் ஆடை போலச் சுருக்கம் விழுந்து கிடந்தது. கூடவே ஒரு நாற்றம். அந்த நாற்றம் சின்னவளுக்குப் பழக்கமானதுதான். பதினொரு வருஷமாகப் பல் டாக்டருக்கு உதவியாக நிற்கிறவள் அவள். சீழ் வைத்த கடைவாய்ப் பல்லை டாக்டரம்மா திறக்கிற முதல் நொடியில் முகமூடியையும் தாண்டிக்கொண்டு ஒன்று வருமே, அதே நாற்றம்.

சொல்லியிருக்கலாம். அக்கா, இது அழுகிப்போச்சு. மூன்றே வார்த்தை. ஆனால் கீழே கார் வந்து நின்றுவிட்டது, பெட்டிகள் இறங்கிவிட்டன, அக்காவின் கையில் வீட்டுச் சாவி இருந்தது. அந்தச் சாவி தன் கைக்கு வருவதற்குச் சின்னவள் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள்.

அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் வாலு என்று பெயர் வைத்து, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. கடைத்தெருவுக்குக் கூட்டிப்போன சின்னவள் ஒரு ஜோடி செருப்புக்குப் பேரம் பேசிவிட்டுத் திரும்பினால், பிள்ளையைக் காணோம். இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக ஓடினார்கள். நாலு கடை தள்ளி ஒரு பாத்திரக்கடையில், கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள் வாலு. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றைக்கு அக்கா சொன்னாள்: "இனிமே உன்னை நம்பி ஒரு பூனைக்குட்டியக்கூட விட மாட்டேன்." சொன்னபடியே நடந்துகொண்டாள். விசேஷத்துக்குக் கூப்பிடுவாள், வயிறாரச் சோறு போடுவாள், உடம்பு சரியில்லை என்றால் ஓடி வருவாள். எதையும் ஒப்படைக்க மட்டும் மாட்டாள்.

இப்போது வாலுவுக்கு, விமானம் ஏறிப் போகிற தூரத்தில், பிரசவம். மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள அக்கா கிளம்புகிறாள். அத்தான் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. செடிகளைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை என்பதால்தான் சாவி தன்னிடம் வருகிறது என்று சின்னவளுக்குத் தெரியாமல் இல்லை. எப்படியோ, வந்ததே.

"ஆமாக்கா. நல்லா இருக்கு," என்றாள்.

அக்கா சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போனாள். அக்காவின் விரல்கள் சில்லென்று ஈரமாக இருந்தன.

முதல் வாரமே ரப்பர் செடி சாய்ந்தது. கிளினிக் முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்தவள் இரண்டு விரலால் அதை நிமிர்த்தப் போனாள். ஆடுகிற பல் கையோடு வருவது போலச் சத்தமே இல்லாமல் மண்ணைவிட்டுக் கழன்று வந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கூழ். அது நூலாக இழுபட்டு, தொட்டியின் விளிம்பில் தயங்கி நின்று, பிறகு தரையில் சொட்டியது.

படமெடுத்துக்கொண்டு போய் நர்சரிக்காரரிடம் காட்டினாள். முழங்கை வரை மண் அப்பிய மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"வேரழுகல்மா. பூஞ்சை பிடிச்சிருக்கு. உங்கக்கா பாசத்தையெல்லாம் தண்ணியா ஊத்தியிருக்காங்க."

"காப்பாத்த முடியுமா?"

"தொட்டியவிட்டு எடுத்து வேரைக் கழுவுங்க. கறுத்ததையெல்லாம் வெட்டுங்க. வெள்ளை வேர் கண்ணுல படற வரைக்கும் வெட்டணும், பாவம் பாக்கக் கூடாது. ஒரு செடிய வெட்டின கத்திய ஸ்பிரிட்ல துடைக்காம அடுத்ததுல வைக்காதீங்க. அப்புறம் இந்தப் பவுடரைத் தூவி, புது மண்ணுல வைங்க. பத்து நாளைக்குச் சொட்டுத் தண்ணி கூடாது."

"வெள்ளை வேரே வரலேன்னா?"

"குப்பைல போட்டுட்டு வேற வாங்கிக்குங்க. செடிதானேம்மா, மனுஷனா என்ன?"

கையுறை, முகமூடி, ஸ்பிரிட், எஃகுத் தட்டு எல்லாம் கிளினிக்கிலிருந்து வந்தன. ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தாள். பெரணி, பீஸ் லில்லி, கற்றாழை, சமையலறை ஜன்னலில் வரிசையாக இருந்த கள்ளிக் குட்டிகள். வெளியே வெயில் இறங்கி, சுவரில் மஞ்சள் நீண்டு, பிறகு சாம்பலாக மாறும் வரை வெட்டினாள். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம், மேல்வீட்டுக் குக்கர் விசில், கத்தரிக்கோலின் நனைந்த 'ச்ளக்'. வெள்ளை வேர் எங்கேயும் இல்லை. வேரை வெட்டினால் தண்டு கறுப்பு; தண்டை வெட்டினால் காம்பு கறுப்பு. கற்றாழையின் மடலைப் பிளந்தபோது உள்ளே பளிங்கு போல இருக்க வேண்டிய சதை காப்பி நிறத்தில் வழிந்து, கையுறையின் மேல் வெதுவெதுப்பாக ஓடியது. செடிக்குள் சூடு எப்படி வரும் என்று அவள் யோசித்தாள். யோசித்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டாள்.

பவுடர் தூவினாள். புது மண் போட்டாள். பத்து நாள் தண்ணீர் காட்டவில்லை.

பத்தாம் நாள் மண் முன்பைவிட ஈரமாக இருந்தது. தொட்டிகளுக்குக் கீழே வைத்த தட்டுகளில் தண்ணீர் நிறைந்து விளிம்பு தொட்டு நின்றது. குழாய்கள் எல்லாம் இறுக்கி மூடித்தான் இருந்தன. திறந்து மூடிப் பார்த்தாள். ஹாலின் நடுவில் அசையாமல் நின்றால் ஒரு சத்தம் கேட்டது. இருபத்தேழு தொட்டியிலிருந்தும் வந்தது அந்தச் சத்தம். காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் குமிழி வெடிக்குமே, அந்த மாதிரி பொட்டு, பொட்டு என்று.

ஹால் சுவர் முழுக்க நூல் கட்டி அக்கா படர விட்டிருந்த மணிபிளான்ட்டின் இலைகள் மஞ்சளாகி, பிறகு கண்ணாடி போல உள்ளே தெரிகிற பழுப்பாகி, சுவரோடு ஒட்டிக்கொண்டன. ஒரு இலையை உரித்துப் பார்த்தாள். பின்னால், சுண்ணாம்புக்குள் இறங்கியிருந்தன வெள்ளை இழைகள். எண்ணெய் காணாத தலைமுடியை விரித்துப் போட்டது போல ஒரு முழ அகலத்துக்கு.

கீழ்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் தனியாகக் குடியிருந்தார். படிக்கட்டில் அவளை மறித்தார்.

"ஏம்மா, மேல தோட்டம் போட்டிருக்கீங்களா, குளம் வெட்டியிருக்கீங்களா? என் தூங்கற ரூம் கூரையில மஞ்சளா ஊறி இறங்குது. நாத்தம் வேற. ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவன் நான். என் பொழப்பு உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

"அக்கா வந்ததும் சரி பண்ணிடறோம்ணே."

"அக்கா வர்றதுக்குள்ள நான் மிதந்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அக்கா வீடியோவில் வருவாள். அதற்கென்றே சின்னவள் ஒரு புது ஆந்தூரியம் வாங்கி வைத்திருந்தாள். அதைப் பின்னால் நிறுத்தி, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, தன் முகமும் அந்தச் சிவப்புப் பூவும் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். பிள்ளை பிறந்த கதை, மாப்பிள்ளை மயங்கி விழுந்த கதை, வாலு டாக்டரைத் திட்டிய கதை எல்லாம் கேட்டுச் சிரிப்பாள்.

நாலாவது ஞாயிறு அக்கா அலுத்துக்கொண்டாள். "உன் மூஞ்சியவே எத்தனை வாரம்டி பாக்கறது? செடியக் காட்டு."

"அதான் தெரியுதே, பின்னாடி."

"நான் வைக்காத செடிய எனக்கே காட்டறியா? என் பிள்ளைங்களக் காட்டு."

போனைப் பிடிக்கிற அவசரத்தில் பாட்டில் சரிந்தது. போன் வழுக்கி, மேஜை விளிம்பில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. ஹால் முழுக்கத் தெரிகிற மாதிரி. அவள் பாய்ந்து எடுப்பதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். கூழாகப் படுத்துவிட்ட பீஸ் லில்லி. தரையில் பழுப்புக் குப்பையாகக் குவிந்த பெரணி. சுவரோடு ஒட்டி வழிகிற மணிபிளான்ட்.

திரையில் அக்காவின் முகம் பெரிதாக நெருங்கி வந்தது.

"அடிப்பாவி," என்றாள் அக்கா.

சின்னவள் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"அடிப்பாவி, எப்படிடி இப்படி வளத்த? நானே இந்தப் பெரணிய இப்படி விரியப் பாத்ததில்ல! மணிபிளான்ட் இலை ஒவ்வொண்ணும் தட்டு மாதிரி இருக்கு!"

கிண்டல் செய்கிறாளா என்று திரையில் அக்காவின் முகத்தைத் தேடினாள். கிண்டல் இல்லை. அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் சின்னு. இத்தனை வருஷமா. மனசுல வச்சுக்காதடி."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை முறை இந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவியிருக்கிறாள், எத்தனை முறை சிரித்த முகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். வந்தேவிட்டது. அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருப்பதாக எப்போதோ சொன்ன ஞாபகம். புரையாகத்தான் இருக்கும். போன் கண்ணாடியும் கீறல் விழுந்தது. அங்கே வெளிச்சம் எப்படியோ.

"அட விடுக்கா," என்றாள். "செடிதானே."

அழைப்பு முடிந்ததும் பெரிய கறுப்புப் பைகள் வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, அக்கா வருவதற்கு முந்தின வாரம் அதே மாதிரிச் செடிகளை வாங்கி வைத்துவிடுவது என்று திட்டம். ஆனால் அந்த வாரம் டாக்டரம்மாவிடம் கூட்டம். பைகள் மடிப்புக் கலையாமல் நாற்காலியிலேயே கிடந்தன. அவளுக்கு இருமல் வேறு பிடித்துக்கொண்டது. வறட்டு இருமல் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ நனைந்து ஒட்டிப் பிரிகிற மாதிரி.

வியாழக்கிழமை மாலை கதவைத் திறந்தாள். நாற்றம் இல்லை.

மழை விட்ட காலையில் தோட்டத்துக்குள் நுழைந்தது போலப் பச்சை வாசம் முகத்தில் அடித்தது. ஜன்னல் வெயிலில் ரப்பர் செடி நிமிர்ந்து நின்றது. இலைகளில் அப்போதுதான் எண்ணெய் தடவித் துடைத்த பளபளப்பு. பெரணி விரிந்திருந்தது. பீஸ் லில்லி நாலு பூ விட்டிருந்தது. மணிபிளான்ட் சுவரை மூடி, கூரையைத் தொட்டு, மறுபக்கச் சுவரில் இறங்கத் தொடங்கியிருந்தது. சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளை மாதிரி அழுதாள். நர்சரிக்காரரின் பவுடர் வேலை செய்திருக்கிறது. தான் உருப்படியாக ஒன்றைச் செய்திருக்கிறாள்.

படங்கள் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினாள். அக்காவிடமிருந்து உடனே வரிசையாக இதயங்கள் வந்தன. நர்சரிக்காரர் குரல் பதிவு ஒன்று அனுப்பினார்.

"ஏம்மா, படம் மாறி வந்துருச்சு போல. நல்லா ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு இதை அனுப்பியிருக்கீங்க. இதுல எல்லாம் போயிடுச்சேம்மா. இனிமே வச்சிருக்காதீங்க, வீட்டையும் பினாயில் ஊத்திக் கழுவி விட்டுருங்க."

யாருடைய படத்தையோ பார்த்துவிட்டுப் பேசுகிறார். சிரித்துக்கொண்டே அதை மறுபடி ஓட விட்டாள். கண் போனில் இருக்க, ரப்பர் செடிக்குப் பின்னால் விழுந்திருந்த கத்தரிக்கோலை எடுக்கக் கையை நீட்டினாள்.

கை உள்ளே போனது.

தொட்டி இருக்க வேண்டிய இடத்தில், தண்டு இருக்க வேண்டிய இடத்தில், மணிக்கட்டு வரை வெதுவெதுவென்று போனது. ஏதோ அவள் விரல் இடுக்குகளில் நிதானமாக நிறைந்தது. வெடுக்கென்று இழுத்துத் திரும்பிப் பார்த்தாள்.

ரப்பர் செடி கம்பீரமாக நின்றது. கை சுத்தமாக இருந்தது. காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே ஒரு இலையைத் தொட்டாள். விறைப்பாக, குளிர்ச்சியாக, நல்ல தோல்பை மாதிரி இருந்தது.

கதவு தட்டப்பட்டது. டிரைவர். சட்டைக் காலரை இழுத்து மூக்கைப் பொத்தியிருந்தார்.

"உள்ள ஏதாவது செத்துக் கிடக்காம்மா? கூரையிலேர்ந்து என் படுக்கையில..." அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இரண்டு படி பின்னால் இறங்கினார்.

"அண்ணே, உங்களுக்கு என்ன தெரியுது?"

"என்னம்மா கேள்வி இது?"

"சொல்லுங்கண்ணே. தயவு பண்ணி. என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க."

"கறுப்பா கூழா வழிஞ்சு கிடக்கு. சுவர் பூரா வெள்ளையா மயிரு மாதிரி. தரையில உங்க கால் புதைஞ்ச தடம் தெரியுது." அவர் பார்வை அவள் கையில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. "நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா," என்றார் அவர், வேறு குரலில். கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனார். கீழே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவள் கதவைச் சாத்தினாள். ஹாலின் நடுவில் வந்து நின்றாள். சுற்றிலும் பச்சை. பளிச்சென்ற தரை. ஜன்னலில் நல்ல வெயில் இன்னும் இருந்தது.

கண்ணை மூடினாள்.

நாற்றம் ஒரு ஈரத் துணி மாதிரி முகத்தில் விழுந்தது. காலுக்குக் கீழே தரை இளகிக் கொடுத்தது. பொட்டு, பொட்டு, பொட்டு. நான்கு பக்கமும். தலைக்கு மேலும். வலது கை விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. இடது கையால் வலது கையைத் தொட்டாள்.

திறந்தாள். பச்சை. வெயில். ஐந்து விரல், தனித்தனியாக, சுத்தமாக.

அக்காவின் கண்ணில் புரை இல்லை.

நினைப்பு அங்கே வந்து நின்றது. நகர மறுத்தது. அக்கா இந்த வீட்டுக்குள் எத்தனை மாதம் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்? இந்த ஈரத்தை மூச்சில் இழுத்துக்கொண்டு, அந்த ஈர விரல்களால் பெட்டியை மூடி, விமானம் ஏறி, எங்கே போனாள்?

அக்காவுக்குப் போட்ட வீடியோ அழைப்பு வெகுநேரம் அடித்தது. அக்கா எடுத்தாள். முகம் அத்தனை தெளிவாக, கன்னத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

"என்னடி அதிசயம், வியாழக்கிழமையில?"

"அக்கா, செடியெல்லாம் அழுகிப்போச்சு."

"இப்பதானே போட்டோ அனுப்பின?"

"அது நிஜம் இல்லக்கா. நீ கிளம்பறதுக்கு முன்னாடியே அழுகியிருந்தது. ரப்பர் செடிய நீ தட்டிக் காட்டினப்பவே பாத்தேன். சொல்லல. நீ சாவிய வாங்கிக்குவியோன்னு சொல்லல."

அக்கா சிரித்தாள். "காய்ச்சலா உனக்கு? இதப் பாரு, நான் இங்க கொண்டுவந்ததே எப்படி இருக்குன்னு பாரு. சோப்பு டப்பாவுல ஈரத்துணி சுத்தி, ஒரே ஒரு மணிபிளான்ட் கிளை. ஏர்போர்ட்ல ஒரு பய கண்டுபிடிக்கல."

காட்சி திரும்பியது. ஒரு சின்ன அறை. ஜன்னல் விளிம்பில் கண்ணாடி பாட்டில். அதிலிருந்து கிளம்பிய கொடி சுவரை மூடி, திரைச்சீலையில் ஏறி, ஒரு மரத் தொட்டிலின் கம்பிகளில் சுற்றி இறங்கியிருந்தது. எல்லா இலையும் தட்டு தட்டாக. எல்லாம் பச்சை.

"புள்ளைக்கு நல்ல காத்து வரட்டும்னு பக்கத்துலயே வச்சேன். மாப்பிள்ளைதான் மொதல்ல நாத்தம் அடிக்குது, ஜன்னலத் திறன்னு கத்திட்டே இருந்தார். இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. அவருக்கும் பிடிச்சுப்போச்சு."

"அக்கா, புள்ள..."

"தங்கம்டி. அழறதே இல்ல. நாலு நாளா ஒரு சத்தம் இல்ல. பாரேன், என்ன நிறம், என்ன பளபளப்பு!"

தொட்டிலுக்குள் குழந்தை படுத்திருந்தது. அவ்வளவு அழகான பிள்ளையை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கொழுகொழுவென்ற கை. மினுமினுக்கும் நெற்றி. சின்னவளின் நெஞ்சு தானாகவே பொங்கியது; சிரிப்புகூட வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

போனைக் காதோடு வைத்தாள்.

பொட்டு.

பொட்டு, பொட்டு.

போனை வைத்துவிடலாம். இனி யார் என்ன செய்ய முடியும்? அவர்கள் பார்க்கிறபடியே பார்த்துக்கொண்டிருக்கட்டும். சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள். அவளும் கண்ணைத் திறந்துகொண்டால் போதும். இந்த ஹாலில், இந்தப் பச்சையில், கெட்டது என்று ஒன்றும் இல்லை. ஆனால் முன்பும் ஒரு தடவை மூன்று வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தாள்.

கண்ணைத் திறந்து போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "வாலு இருக்காளா? அவகிட்ட குடு."

வாலு வந்தாள். குளித்த தலையில் துண்டு. "சித்தி! என்ன, பேரன் மேல திடீர்னு பாசம்? வந்து ரெண்டு நாள் டயப்பர் மாத்துங்க, பாசம் எல்லாம் பறந்துரும்."

"வாலு, புள்ள எப்படி இருக்கான்? பால் குடிச்சானா?"

"இருக்கான், ராஜா மாதிரி. எப்பவும் பாத்துட்டேதான் இருக்கேன். கண்ணு எடுக்கவே மனசு வரல சித்தி."

"எடு. கொஞ்சம் எடு." சின்னவள் திரைக்கு நெருங்கினாள். "நான் சொல்றத ஒரே ஒரு தடவ செய்யி. ஏன்னு கேக்காத. கண்ண மூடிக்க. நல்லா இறுக்கி மூடிக்கிட்டு, அவனத் தொட்டுப் பாரு."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுதான். செய்யிடா கண்ணு."

"நாளுக்கு நாள் சின்னப்புள்ள ஆகறீங்க," என்று வாலு சிரித்தாள். போனை அம்மாவிடம் கொடுத்தாள். அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வாலு தொட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டாள். நாடகம் போடுகிறவள் மாதிரி முகத்தைச் சுருக்கிக் கண்ணை இறுக மூடினாள். பல் தெரியச் சிரித்தபடியே கையைக் கம்பிகளுக்கு மேலாகத் தொட்டிலுக்குள் விட்டாள்.

மூக்கு முதலில் விடைத்தது.

பிறகு சிரிப்பு நின்றது. வாய் மட்டும் சிரித்த வடிவத்திலேயே திறந்து இருந்தது.

தோள் மெதுவாக இறங்கியது. கை இன்னும் உள்ளே போனது. மணிக்கட்டு. அதற்கு மேலும்.

"என்னடி, நனைச்சுட்டானா?" என்றாள் அக்கா.

வாலு கையை வெளியே எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.